நாலாம் நம்பர் சீட்டு

கார்மேகம் அண்ணனை விசாரிக்கப் போகிறார்கள், தமிழ் தெரிந்த ஆள் ஒருத்தர் உடனே வேண்டும் என்று ஆபீசிலிருந்து போன் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலை பத்து மணி. ஸ்டோரில் வந்திறங்கிய பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. வேலைக்கு வந்த இடத்தில் அடுத்தவன் பஞ்சாயத்தில் தலையைக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. பதினோரு வருஷமாக அபுதாபியில் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றால் அதற்கு அதுதான் காரணம்.

என் பெயர் சாதிக் பாட்ஷா, ஊர் கீழக்கரை. அபுதாபி நகரத்துக்குள்ளேயே, தனியார் விமானங்கள் மட்டும் வந்துபோகிற சின்ன ஏர்போர்ட் ஒன்று இருக்கிறது. அங்கே விமானங்களைச் சுத்தம் செய்து, உள்ளே வைக்க வேண்டிய சாமான்களை ஏற்றிக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நான் ஸ்டோர் கீப்பர். எந்த விமானத்துக்கு எந்த ஜூஸ், எந்தத் துண்டு, எந்தச் செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. முதலாளிகளின் முகம் எனக்குத் தெரியாது. வாலில் எழுதியிருக்கும் எழுத்துகள் மட்டும் தெரியும்.

கார்மேகம் அண்ணன் சுத்தம் செய்கிற பிரிவு. கமுதிப் பக்கம். வயது நாற்பத்தெட்டு. முதலில் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக நாலு வருஷம். பிறகு இங்கே பன்னிரண்டு வருஷம். இரண்டு பேரும் ஒரே மாவட்டம்தான். இருந்தும் அந்த வருஷங்களில் நாங்கள் பேசிய பேச்சை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். "என்ன பாய்?" என்பார். "என்னண்ணே?" என்பேன். துணியும் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் துடைத்தது பெரும்பாலும் ஃபால்கன் விமானங்கள். டசால்ட் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி செய்வது. ரஃபேல் போர் விமானம் என்ற பெயரைக் கேள்விப்படாத ஆள் நம் ஊரில் இல்லையே, அதைச் செய்கிறவர்கள்தான் பணக்காரர்கள் பறக்கிற இந்தச் சொகுசு விமானத்தையும் செய்கிறார்கள். இந்த விஷயத்தை அண்ணன் ஒரு தடவை வாய்தவறி ஊரில் சொல்லிவிட்டார். அவருடைய மச்சினன் பொன்னுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டு, மச்சான் ரஃபேலில் வேலை பார்க்கிறார் என்று கமுதி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். லீவில் போனபோது பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் வீடு தேடி வந்து ஏவுகணை பற்றி விசாரித்தாராம். "நான் சீட்டுத் தொடைக்கிறேன்யா" என்று இவர் உள்ளதைச் சொல்ல, ரகசியம் காக்கிறார் என்று மரியாதை இன்னும் கூடிப்போயிற்று. அவர் என்னிடம் சிரித்துச் சொன்ன ஒரே கதை அதுதான்.

அந்தச் சீட்டுத் துடைப்பதும் லேசான வேலை இல்லை. மோதிரம், வாட்ச், பெல்ட் எதுவும் ஆகாது; தோலிலும் மரப்பலகையிலும் கீறல் விழும். உடுப்பில் பை வைக்க மாட்டார்கள். காலில் துணி உறை. கார்ப்பெட்டில் மெஷின் ஓட்டினால் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். சீட் பெல்ட்டை ஒவ்வொரு சீட்டிலும் ஒரே மாதிரி மடித்துக் குறுக்கே போட வேண்டும். முந்தின நாள் அங்கே மனிதர்கள் உட்கார்ந்து தின்று தூங்கி எழுந்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்கக் கூடாது. உள்ளே இடம் குறுகல் என்பதால் ஒரு ஆள்தான் வேலை செய்ய முடியும். மற்றவர்கள் வெளியே விமானத்தின் உடம்பைக் கழுவுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு ஆள் கார்மேகம் அண்ணன். ஏசி ஓடாது. பேச்சுத்துணை கிடையாது. பயணிகள் வருகிற நேரம் வந்தால் இறங்கி, வேனுக்குப் பின்னால் போய், அவர்கள் கண்ணில் படாமல் நின்றுகொள்ள வேண்டும்.

தங்குவது முசஃபாவில், கம்பெனி கேம்ப்பில். ஒரு ரூமில் ஆறு பேர். ஆறு பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருத்தன் குளித்துவிட்டு வரும்போது இன்னொருத்தன் போர்த்தித் தூங்குவான். ஊரில் மனைவி கனகா. தினமும் போன் உண்டு. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, என்ன குழம்பு, சரி வைக்கவா. மகள் அகிலா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவர் நாலு வரி வாய்ஸ் மெசேஜ் போட்டால் அவள் ஒரு கட்டைவிரல் படம் போடுவாள். பாசம் இல்லை என்று சொல்லவில்லை. பேசுவதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து பார்த்த விஷயம் ஒன்று வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

இதெல்லாம் எனக்கு அந்த விசாரணைக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது, அவர் நாற்காலியின் விளிம்பில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே மேனேஜர். மோசமான மனிதர் இல்லை, நேரமில்லாத மனிதர். பக்கத்தில் ஏர்போர்ட் செக்யூரிட்டியிலிருந்து ஒருத்தர் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஒரு ஃபால்கனைத் துடைத்து முடித்துக் கீழே இறங்கும்போது, அதன் சொந்தக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வேனுக்குப் பின்னால் ஓடி மறைய வேண்டிய அண்ணன் ஓடவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவரைப் பார்த்து, "பேபி ஓகே, சார்?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் நின்றார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். கூட நின்ற செக்யூரிட்டி இதை எழுதிக் கொடுத்துவிட்டார். பயணிகளிடம் பேசியது ஒரு குற்றம். அவர்கள் குடும்ப விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்பது அதைவிடப் பெரிய குற்றம்.

"யார் சொன்னார்கள் என்று கேளுங்கள்," என்றார் மேனேஜர்.

கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "யாரும் சொல்லல பாய். சீட்டுச் சொல்லுச்சு" என்றார். இந்த ஆள் மாட்டிக்கொண்டது போதாதென்று கிறுக்கனாகவும் பேர் வாங்கப் போகிறாரே என்று நினைத்தேன்.

"அண்ணே, வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு இது இங்கிலீசுலயும் வராது, இந்தியிலயும் வராது. நான் சொல்லுறேன், நீங்க அப்பிடியே சொல்லுங்க." அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அந்த வண்டி அஞ்சு வருசமா வருது பாய். நாலாம் நம்பர் சீட்டு, சன்னல் ஓரம், அதுல ஒரு பொம்பளப் புள்ள உக்காரும். நான் பாத்ததில்ல. கீழ செருப்புத் தடம் இம்புட்டுத்தான் இருக்கும். அந்த ஆரஞ்சுக் கிரீம் வச்ச பிஸ்கட்டுதான் திங்கும். கிரீம மட்டும் நக்கிட்டுப் பிஸ்கட்ட சீட்டு இடுக்குல சொருகிரும். படம் வரையும். பென்சில் சீவுனது அம்புட்டும் கார்ப்பெட்டுல கெடக்கும். ஒருநா டேபிளுக்கு அடியில மீன் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பிச்சிட்டேன். அடுத்த வாட்டி அதே எடத்துல இன்னொண்ணு. அத எடுக்கல. யாரும் குனிஞ்சு பாக்கப் போறதில்லன்னு விட்டுட்டேன். அது தப்புத்தான், அத எழுதிக்கச் சொல்லுங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்றார். "சொல்லி முடிக்கட்டும், சார்" என்றேன்.

"எம் மக ஆறு வயசுல என்ன தின்னுச்சு, எதக் கழிச்சுச்சுன்னு எனக்குத் தெரியாது பாய். கனகாகிட்டக் கேட்டா அதுக்கும் நெனப்பு இல்ல. இந்தப் புள்ளையப் பத்தித் தெரியும். காலு நீண்டுச்சு, முன் சீட்டுல ஒதைக்கிற தடம் மேல ஏறுச்சு. பல்லு விழுந்த சமயம் டிஸ்யூவுல ரத்தம் இருந்துச்சு. போன வருசம் கத்திரி வெயில் ஆரம்பிச்சப்ப, தலை சாயிற எடத்துல தூசி ஒட்டி எடுக்குற ரோலர ஓட்டுனேன். ஒண்ணு ரெண்டு முடி எப்பவும் வரும். அன்னைக்குக் கொத்தா வந்துச்சு. பூனை மயிரு மாதிரி மெல்லிசு. மூணு வாரத்துக்கு ஒருக்காப் போயிட்டு வருவாக, மூணு வாட்டியும் அப்பிடியே வந்துச்சு. அப்புறம் முடியே இல்ல. ஆசுபத்திரி வாடை. சீட்ட நீட்டிப் படுக்கையாப் போட்டிருந்தாக. பிஸ்கட்டுத் தூளு இல்ல. கம்பளித் தொப்பி ஒண்ணு இடுக்குல கெடந்துச்சு, கொண்டுபோயி ஒப்படைச்சிட்டேன்."

மேசை மேலிருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"கடைசி மூணு வாட்டி நாலாம் நம்பர்ல யாரும் உக்காரல. உக்காராத சீட்டு எனக்குத் தெரியும். தோல்ல மடிப்பு விழாது. நான் போட்டுவச்ச பெல்ட்டு நான் போட்ட மாதிரியே கெடக்கு. மூணு வாட்டியும். ஒருவேள கொணமாகிப் பள்ளிக்கூடம் போகுதோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டேன். ரூம்ல படுத்தா அதே நெனப்பு. யாரக் கேக்குறது? கூட வேல செய்யிற பாகிஸ்தான் பட்டாணியக் கேட்டேன், ஒன் வேலயப் பாருன்னுட்டான். அப்பத்தான் அவரு எதிர்ல வந்துட்டாரு. நம்ம ஊர்ல நோயாளி இருக்கிற வீட்டு ஆளு எதிர்ல வந்தா, எப்பிடி இருக்குன்னு கேக்காமப் போவமா? பகையாளியா இருந்தாலும் கேப்பமே பாய். வாயில வந்துருச்சு. அவ்வளவுதான். அந்தப் புள்ள எப்பிடி இருக்குன்னு மட்டும் தெரியணும்."

முடித்துவிட்டு, "சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. மேனேஜர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார், செக்யூரிட்டிக்காரர் எழுந்து நிற்கத் தயாராக இருந்தார், முடி, பிஸ்கட், மீன் என்று நான் ஆரம்பித்தால் அவர்கள் இதை வேவு பார்த்ததாக எடுத்துக்கொண்டு போலீஸ்வரை போய்விடுவார்கள் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதி, என் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. "சுத்தம் செய்யும்போது குழந்தையின் சாமான்களைப் பார்த்திருக்கிறார். மரியாதைக்காகக் கேட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன். கால்மணி நேரப் பேச்சை மூன்று வரியில் கட்டி எடுத்துக் கொடுத்தேன்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாரே?" என்றார் மேனேஜர்.

"அவ்வளவுதான் சார்."

"அந்தக் குடும்பத்துக்கு இவர் ஏதாவது உறவா? அவர்களிடம் முன்பு வேலை செய்தாரா?"

கேட்டேன். "இல்ல" என்றார் அண்ணன். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏர்போர்ட் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை போகவில்லை. நாளையிலிருந்து முசஃபா யார்டில் பஸ் கழுவ வேண்டும். நான் ஒரு வேலையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாய், அவுக வச்சிருந்த காகிதத்துல அந்தப் புள்ளையப் பத்தி ஏதும் போட்டிருந்துச்சா?"

"இல்லண்ணே" என்றேன். அதில் இருந்தது விதி எண்ணும் இவர் பெயரும்தான்.

ஸ்டோருக்கு வந்து பெட்டிகளைப் பிரித்தேன். ஆனால் ஆரஞ்சுக் கிரீம் பிஸ்கட் என்று அவர் சொன்னது உள்ளே எங்கோ உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிஸ்கட்டை ஏற்றியது யார்? நான்தானே? நாற்பது விமானத்துக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன். எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. வால் எழுத்துகளைப் போட்டு அந்த ஃபால்கனின் பட்டியலைத் திறந்தேன். ஆரஞ்சுப் பிஸ்கட், வண்ணப் பென்சில், சின்னப் போர்வை, சின்னச் செருப்பு என்று நாலு வரிகளும் கோடு போட்டு அடிக்கப்பட்டுக் கிடந்தன. அடித்த ஆளின் இடத்தில் என் பெயர் இருந்தது.

மெயிலில் தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த விமானத்தின் பணிப்பெண் அனுப்பியது. 'சிறுமி காலமானதை அடுத்து, குழந்தைக்கான பொருட்கள் அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கவும்.' ஒரே வரி. கீழே என் பதில்: 'நீக்கிவிட்டேன். நன்றி.' அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். மெயில் வந்த நாலு நிமிஷத்தில் பதில் போட்டிருக்கிறேன். படித்தேனா, படிக்காமல் விரல் தானாகச் செய்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. 'நன்றி' என்று வேறு போட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

இரண்டு நாள் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு முசஃபாவுக்குப் பஸ் ஏறினேன். "நல்லா இருக்காம்ண்ணே, கொணமாயிருச்சாம்" என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். யாருக்கு நஷ்டம்? பஸ்ஸில் உட்கார்ந்து அதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது.

கேம்ப்பில் அவர் ரூமுக்கு வெளியே, நடைபாதையில் கவிழ்த்திருந்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பஸ் கழுவுகிற மருந்தில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்தார். ஒருநாளும் அங்கே எட்டிப் பார்க்காதவன் வந்து நிற்கிறேன். முகத்தை மட்டும் பார்த்தார். ஏற்கெனவே ஒரு தடவை இவர் சொன்னதைப் பாதியாக வெட்டியவன் நான். இன்னொரு தடவை என்னால் முடியவில்லை.

"தவறிருச்சுண்ணே" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு மெயில் வந்திருக்கு. நாந்தான் கவனிக்கல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேரு என்ன போட்டிருக்காக?" என்று கேட்டார்.

"பேரு இல்லண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். நகவெட்டியை மடக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். உடுத்தியிருந்த சட்டையும் கைலியுமாகவே நடைபாதைக் கோடியில் இருந்த குளியலறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. குழாயைத் திறந்து வாளி நிறையும்வரை நின்றார். பிறகு அப்படியே தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். திரும்பவும் பிடித்தார். திரும்பவும் ஊற்றினார். கேதச் சேதி காதில் விழுந்தால் உடுத்த துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்து இந்துக்களிடம் உண்டு. எத்தனை கடல் தாண்டி இருந்தாலும், எத்தனை நாள் கழித்துச் சேதி வந்தாலும் செய்வார்கள். ஊர்க்காரன், தெரிந்தவன் என்று எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள். சொந்த ரத்தத்துக்குத்தான் அது. எங்கள் வழக்கப்படி சொல்ல வேண்டியதை நானும் வாய்க்குள் சொன்னேன். இரண்டு மாதம் பிந்திச் சொன்னேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவருடைய ரூம்காரன் கௌரிசங்கர் கரண்டியும் கையுமாக வெளியே வந்தான். புதுக்கோட்டைப் பையன். ஈரத்தோடு நிற்கிறவரைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அய்யோ, என்னண்ணே, ஊர்ல யாரு?"

"நம்ம புள்ள ஒண்ணு" என்றார் கார்மேகம் அண்ணன்.

அவன் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டுத் துண்டு எடுத்துக்கொண்டு வந்தான். "எத்தன வயசுண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

அண்ணன் துண்டை வாங்கிக்கொண்டார். தரையிலிருந்து தன் இடுப்புக்கு மேலே ஒரு உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கொஞ்சம் இறக்கினார். சரிதானா என்று கேட்பதுபோல என் பக்கம் திரும்பினார். எனக்கு எங்கே தெரியும்? ஆமாம் என்று தலையசைத்தேன்.